அரேகா பாம் தொட்டியில் மொய்க்கும் குட்டி ஈக்கள்: அடியோடு ஒழிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சாயங்காலம் ஹாலில் விளக்கைப் போட்டதும் டிவி திரையில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் வந்து ஒட்டும். சாப்பிட உட்கார்ந்தால் மோர் டம்ளருக்குள் ஒன்று விழுந்து கிடக்கும். கையால் தட்டினால் உடனே செத்துவிடும், ஆனால் மறுநாள் அதே அளவு திரும்ப இருக்கும். எங்கள் வீட்டில் இதைக் கொசு என்று நினைத்து இரண்டு வாரம் கொசுவத்தி ஏற்றினோம், ஜன்னல் வலையை மாற்றினோம். ஒன்றும் குறையவில்லை. ஒரு நாள் காலை, ஹாலில் அழகுக்கு வைத்திருக்கும் அரேகா பாம் என்ற பனை வகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபோது, மண்ணிலிருந்து பத்துப் பதினைந்து ஈக்கள் ஒரே நேரத்தில் கிளம்பி மட்டைகளுக்கு இடையே அலைந்தன. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

வீட்டுக்குள் பாம் வளர்க்கும் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒழிக்க முடியும். ஆனால் பறக்கிற ஈயைத் துரத்திக்கொண்டிருந்தால் முடியாது. மண்ணில் இருக்கும் ஈரத்தைச் சரிசெய்தால்தான் முடியும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

அது எந்த ஈ என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

இதற்குப் பெயர் பூஞ்சை ஈ. காளான் வளர்ப்பவர்களுக்கு இது பழைய எதிரி, அவர்கள் காளான் ஈ என்பார்கள். சியாரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது, தொட்டிகளில் வருவது பெரும்பாலும் பிராடிசியா இனம். நீளம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். உடம்பு கறுப்பு, கால்கள் நீளம், தலையில் நூல் போன்ற உணர்கொம்புகள். இறக்கையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கவட்டைக் கம்பு போல இரண்டாகப் பிரியும் ஒரு நரம்பு தெரியும். கடிக்காது. பறப்பதிலும் சாமர்த்தியம் கிடையாது, மண்ணை ஒட்டியே தத்தித் தத்திப் போகும்.

வாழைப்பழத்தைச் சுற்றி வருவது பழ ஈ. அது பழுப்பு நிறம், கண் சிவப்பாக இருக்கும். குளியலறைச் சுவரில் குட்டி விட்டில்பூச்சி மாதிரி மயிரோடு உட்கார்ந்திருப்பது சாக்கடை ஈ. இந்த இரண்டுக்கும் தொட்டிக்கும் சம்பந்தமில்லை. அவற்றுக்கு வைத்தியம் வேறு.

சந்தேகம் இருந்தால் ஓர் உருளைக்கிழங்கு போதும். தோல் சீவி, விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, மண்ணின் மேல் லேசாக அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தூக்கி அடிப்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நான் பார்த்தபோது, ஈரமான அந்த வெள்ளைப் பரப்பில் நூல் கனத்தில் ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. உடம்பு கண்ணாடி போல, உள்ளே போயிருக்கிற மண்கூடத் தெரிகிறது. தலை மட்டும் கடுகை நுணுக்கி ஒட்டியது போலப் பளபளப்பான கறுப்பு. அந்தக் கறுப்புத் தலை இருந்தால் பூஞ்சை ஈயின் புழுவேதான், வேறு யோசனை வேண்டாம்.

வீட்டில் நாலைந்து தொட்டி இருந்தால் எல்லாவற்றிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பாம்தான் காரணம் என்று நினைத்திருப்போம், மூலையில் இருக்கும் மணிபிளான்ட் தொட்டிதான் உற்பத்திக்கூடமாக இருக்கும். ஒன்றை மட்டும் சுத்தம் செய்து இன்னொன்றை விட்டால் ஒரே வாரத்தில் பழைய நிலைதான்.

எங்கிருந்து வந்தது, எதைத் தின்கிறது

ஒரு பெண் ஈ ஈரமான மண்ணின் மேல் நூறு, இருநூறு முட்டைகள்வரை இடும். சில நாளில் புழு வெளிவந்து மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்ளேயே இரண்டு வாரம் போல மேயும். பிறகு அங்கேயே கூட்டுப்புழுவாகி, நாலைந்து நாளில் ஈயாகக் கிளம்பும். ஈயின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். முட்டையிலிருந்து ஈ வரைக்கும் குளிர்ந்த ஏசி அறையில் நாலு வாரம் ஆகலாம், மிதமான வெப்பத்தில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். எந்த வைத்தியமும் ஒரு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தரும் என்பதற்கு இதுதான் காரணம். இன்று இருக்கிற ஈயெல்லாம் செத்தாலும் அடுத்த வாரத்து ஈ மண்ணுக்குள் தயாராக இருக்கிறது.

புழுவின் முக்கியச் சாப்பாடு மண்ணில் வளரும் பூஞ்சையும் மக்குகிற குப்பையும். பூஞ்சை வளர ஈரம் வேண்டும். நம் வீடுகளில் அந்த ஈரம் மூன்று வழியில் வருகிறது.

முதலாவது, நர்சரி மண். அரேகா பாம் பெரும்பாலும் கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் நிறையக் கலந்த கலவையில் வருகிறது. நர்சரியில் வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் அது சரி. அதையே வெளிச்சம் குறைந்த ஹால் மூலையில் வைத்தால் கோகோபீட் பத்து நாளானாலும் ஈரத்தை விடாது. முட்டையும் புழுவும் பல நேரம் அந்தப் பையோடுதான் வீட்டுக்குள் வருகின்றன.

இரண்டாவது, அழகுத் தொட்டி. நர்சரிப் பையையோ பிளாஸ்டிக் தொட்டியையோ அப்படியே ஓட்டையில்லாத செராமிக் தொட்டிக்குள் இறக்கி வைக்கிறோம். ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வீட்டு பாமை உள்தொட்டியோடு தூக்கியபோது அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. அழுகின முட்டை வாடை. கீழே தொங்கிய வேர்களை விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது, உள்ளே மயிர் போன்ற நரம்பு மட்டும் மிச்சம். மேலே மட்டைகள் பச்சையாகத்தான் இருந்தன. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் செடி போயிருக்கும். அந்த ஈக்கள் வராமலிருந்தால் நான் தொட்டியைத் தூக்கியே பார்த்திருக்க மாட்டேன்.

மூன்றாவது, சமையலறைத் தண்ணீர். என் அத்தை தினமும் காலையில் அரிசி கழுவிய தண்ணீரை அரேகாவுக்கு ஊற்றிவிடுவார். "இனி இதை ஊத்த வேண்டாம் அத்தை"ன்னு சொன்னேன். "ஏம்மா, சத்துத் தண்ணிதானே, சாக்கடையில போறதுக்குச் செடிக்குப் போகட்டுமே" என்றார். தோட்டத்து மண்ணில் அவர் சொல்வது சரிதான், அங்கே வெயில் காய்ச்சும், மண்புழு தின்னும். அடைத்த ஹாலில் இருக்கும் தொட்டியில் அந்த மாவுச்சத்து அப்படியே பூஞ்சைக்கு விருந்தாகிறது. இப்போது அந்தத் தண்ணீர் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைக்குப் போகிறது, அத்தைக்கும் திருப்தி. டீத்தூள், காபிச் சக்கை, வாழைப்பழத் தோல் ஊறிய நீர், புண்ணாக்குக் கரைசல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு வேண்டாம்.

செடிக்கு என்ன ஆகும்

வளர்ந்த பாமை இந்தப் புழு நேராகக் கொன்றுவிடாது. பூஞ்சை போதாதபோது மெல்லிய வேர் நுனிகளைக் கடிக்கும், அந்தக் காயத்தில் பித்தியம், ஃபியூசேரியம் போன்ற வேரழுகல் நோய்க்கிருமிகள் நுழையும். ஈயும் புழுவுமே அந்த நோயைத் தொட்டிக்குத் தொட்டி சுமந்தும் போகும். விதையிலிருந்து முளைத்த இளம் கன்றுகளுக்கு ஆபத்து அதிகம். அரேகா தொட்டியில் ஒரே செடி போலத் தெரிவது பெரும்பாலும் பத்து இருபது கன்றுகளின் கூட்டம். அதில் மெலிந்த கன்றுகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சாய்ந்தால் வேரைச் சந்தேகப்பட வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே மட்டை வாடித் தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றிவிடாதீர்கள். அங்கே வேர் அழுகிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் செய்ய வேண்டியது

உள்தொட்டியை வெளியே எடுங்கள். நிற்கும் தண்ணீரைக் கொட்டி, அழகுத் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவையுங்கள். அதில் துளை போட முடிந்தால் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் அடியில் இரண்டு ஓட்டுத் துண்டோ கல்லோ வைத்து அதன்மேல் உள்தொட்டி உட்காரும்படி செய்யுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அது வீடு. தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வருவது அதற்காகத்தான்.

அடுத்தது மேல்மண். ஒரு பழைய கரண்டியால் மேலே ஓர் அங்குல மண்ணைச் சுரண்டி எடுங்கள். முட்டையிலும் புழுவிலும் பெரும்பங்கு இதோடு போய்விடும். பாமுக்கு வேர்கள் தண்டின் அடியிலிருந்தே கிளம்பும், அதனால் தண்டை ஒட்டி ஆழமாகக் குத்தாதீர்கள். வெள்ளை வேர் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். எடுத்த மண்ணை வீட்டில் வைக்காமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வெளியே கொண்டுபோங்கள், அல்லது மாடியில் மெல்லியதாகப் பரப்பி நல்ல வெயிலில் நாலு நாள் காயவிடுங்கள். உதிர்ந்த ஓலைத் துணுக்கு, காய்ந்த அடிமட்டை, மண்ணில் பட்டு அழுகும் உறை எல்லாவற்றையும் நறுக்கி எடுத்துவிடுங்கள்.

பிறகு மஞ்சள் ஒட்டுப்பொறி. உரக்கடையில் மஞ்சள் ஒட்டும் அட்டை என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆன்லைனிலும் கிடைக்கும். ஒன்றை நான்காக வெட்டி, குச்சியில் செருகி, மண்ணிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில் நிறுத்துங்கள். மட்டைக்கு மேலே உயரத்தில் தொங்கவிட்டால் பலன் குறைவு, இந்த ஈ தாழ்வாகவே பறக்கும். அட்டையில் தேதி எழுதி வையுங்கள். இது ஈயைக் குறைப்பது ஒரு பக்கம், உங்கள் வைத்தியம் வேலை செய்கிறதா என்று சொல்லும் அளவுகோலும் இதுதான். என் முதல் அட்டையில் ஒரு வாரத்தில் அறுபதுக்கு மேல் இருந்தன. நாலாவது வாரத்தில் மூன்று.

தண்ணீர்: இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது

பூஞ்சை ஈ வந்தால் மண்ணை முழுக்கக் காயப்போடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கற்றாழைக்கும் ஸ்னேக் பிளான்டுக்கும் அது சரி. பாமுக்கு அப்படிச் செய்யாதீர்கள். அரேகா மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, அடிவேர் சுத்தமாகக் காய்ந்தால் ஓலை நுனிகள் பழுப்பாகிக் கருகும், அது திரும்பப் பச்சையாகாது. நமக்கு வேண்டியது, மேலே இரண்டு அங்குலம் காய்ந்து கீழே ஈரப்பதம் இருப்பது. புழு வாழ்வது மேலே, பாம் குடிப்பது கீழே. இந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை மண்ணில் ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். அடிப்பகுதி மட்டும் கறுத்து ஈரமாக, மேலே இரண்டு அங்குலம் காய்ந்து வந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்கலாம். முழுக் குச்சியும் ஏறக்குறைய காய்ந்து வந்தால் அன்றே தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், வாரத்துக்கு இரண்டு முறை என்ற கணக்கெல்லாம் விட்டுவிடுங்கள். ஒரே தொட்டி மே மாதத்தில் நாலு நாளில் காயும், நவம்பர் மழையில் பன்னிரண்டு நாளானாலும் காயாது.

தொட்டி எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்றால் கீழிருந்து தண்ணீர் காட்டுங்கள். அகலமான பேசினில் மூன்று அங்குலம் தண்ணீர் விட்டு, துளையுள்ள உள்தொட்டியை அதில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் உட்காரவையுங்கள். மண் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும், மேல்மண் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். எடுத்து வடியவிட்டு இடத்தில் வையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், கீழிருந்தே காட்டிக்கொண்டிருந்தால் உப்பு மேலேறி மண்ணில் வெள்ளையாகப் படியும். பாமுக்கு உப்பு ஆகாது. அதனால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை மேலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றி அடியில் ஓடவிடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

தூக்க முடியாத பெரிய தொட்டியாக இருந்தால் மேலிருந்துதான் ஊற்ற வேண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் ஈக்குப் பிடித்த முறை, மேல்மண் எப்போதும் நனைந்திருக்கும். ஒரே தடவை அடியில் வடியும்வரை ஊற்றி, ஈர்க்குச்சி சொல்லும்வரை காத்திருங்கள். நடுக்குருத்துக்குள் ஊற்றாதீர்கள். பாம் தண்டு ஒவ்வொன்றுக்கும் வளரும் நுனி ஒன்றுதான், அது அழுகினால் அந்தத் தண்டு முடிந்தது.

இடத்தையும் பாருங்கள். வெளிச்சமில்லாத மூலையில் செடி தண்ணீரே குடிப்பதில்லை. கிழக்கு ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தூரத்தில், மின்விசிறிக் காற்று படும்படி வைத்தாலே மண் காயும் வேகம் கண்கூடாக மாறும். நேர் வெயிலுக்கு ஒரேயடியாக மாற்ற வேண்டாம், ஓலை வெளுத்துக் கருகிவிடும்.

மண்ணுக்குள் இருக்கும் புழுவுக்கு மருந்து

ஈரத்தைச் சரிசெய்தும் பத்து நாளில் அட்டைக் கணக்கு குறையவில்லை என்றால், அல்லது தொடக்கத்திலேயே கூட்டம் அதிகம் என்றால், மருந்து சேர்க்கலாம். என் முதல் தேர்வு பி.டி.ஐ. முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்த பாக்டீரியா, கொசுப்புழு ஒழிப்பில் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இதைத் தின்ற புழுவின் குடல் சிதைந்துவிடும். மனிதருக்கும் நாய் பூனைக்கும் செடிக்கும் கெடுதல் இல்லை.

கடையில் கேட்கும்போது கவனம். உரக்கடையில் வெறுமனே பி.டி. என்று கேட்டால் கத்தரி, முட்டைக்கோஸ் புழுவுக்கு அடிக்கும் குர்ஸ்டாகி வகையைக் கொடுத்துவிடுவார்கள். அது ஈயின் புழுவை ஒன்றும் செய்யாது. லேபிளில் இஸ்ரேலென்சிஸ் என்று இருக்கிறதா பாருங்கள். லேபிள் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து, வழக்கமான தண்ணீருக்குப் பதிலாக மண்ணில் ஊற்றுங்கள். மருந்து மேல்மண்ணில் இறங்க வேண்டும் என்பதால் இந்த நாட்களில் மட்டும் மேலிருந்தே ஊற்றுவது சரி. மருந்துக்குச் சாகாத முட்டையும் கூட்டுப்புழுவும் மிச்சம் இருக்கும், மருந்தின் வீரியமும் சில நாளில் குறைந்துவிடும். அதனால் வாரம் ஒரு முறை வீதம் நாலு வாரம். நடுவில் ஈ காணவில்லை என்று நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மண் ஈரமாகவே இருக்கிற வாரத்தில் ஒரு கப் அளவில் மேல்மண் மட்டும் நனையும்படி ஊற்றினால் போதும்.

பி.டி.ஐ. கிடைக்காவிட்டால் வேம்பு. வேப்பெண்ணெயில் இருக்கும் அசாடிராக்டின், புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். வாடை இரண்டு நாள் இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேப்பம்புண்ணாக்கை மட்டும் மேலே தூவாதீர்கள். ஈரம் பட்டதும் அதில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். ஈக்கு நாமே இலை போட்டது போல ஆகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 3 சதவீதக் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு என்று கலந்து ஊற்றினால் நுரைத்து, அதில் படும் புழுக்கள் சாகும். நம் மருந்துக்கடைகளில் 6 சதவீதமும் விற்கிறது, பாட்டிலைப் படிக்காமல் அதே கணக்கில் கலந்தால் வீரியம் இரட்டிப்பாகி வேர் சுடும். நல்ல நுண்ணுயிர்களும் இதில் சாகின்றன. கூட்டம் மிக அதிகமாக இருக்கும்போது ஒரே ஒரு முறை என்றால் சரி, வாரா வாரம் ஊற்றுவதை நான் சொல்லமாட்டேன்.

தோட்டத்துக்கு அடிக்கும் ரசாயனப் பூச்சிமருந்தை ஹாலுக்குள் கொண்டுவரவே வேண்டாம். குழந்தைகள் தவழும் தரை அது. கரப்பான் ஸ்பிரே, கொசு பேட், வினிகர் கிண்ணம் எதுவும் மண்ணில் இருக்கும் புழுவைத் தொடாது, அவற்றில் நேரம் போக்க வேண்டாம்.

மேலே மணல் போடலாமா

போடலாம், ஆனால் மேல்மண் காய்ந்து, குறைந்தது ஒரு முறை மருந்து கொடுத்த பிறகு. ஈரமண்ணை மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அரை அங்குலத்துக்குக் குறையாமல் கரடுமுரடான ஆற்றுமணல். எம் சாண்ட் என்றால் நாலைந்து முறை அலசி மாவு போக்கிக் காயவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் சிமெண்ட் போல இறுகிவிடும். மேலிருந்து தண்ணீர் ஊற்றி மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் ஈ அதிலும் முட்டையிடும். கீழிருந்து தண்ணீர் காட்டுகிறவர்களுக்குத்தான் இது நன்றாக உதவும். தண்டைச் சுற்றிக் குவிக்காதீர்கள், பாம் நட்ட உயரத்துக்கு மேல் புதைந்தால் தண்டு அழுகும்.

தொட்டி மாற்ற வேண்டிய நேரம்

பாமுக்கு வேரைக் கலைப்பது பிடிக்காது. ஈ வந்தது என்பதற்காக மட்டும் மண் முழுவதையும் உதறி மாற்ற வேண்டாம். மண் புளித்த வாடை அடித்தாலோ, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றாலோ, வேர் உருவிக்கொண்டு வந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். வேர்ப்பந்தை உடைக்காமல் எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் (தண்ணீர் தேங்காமலிருக்க மண்ணில் கலக்கும் எடையில்லாத வெள்ளைக் குருணை) அல்லது கரடுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் அரைப் பங்கு என்ற கலவையில் எங்கள் அரேகா இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறது. பழையதைவிட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் பெரிய தொட்டி போதும். பெரிய தொட்டியில் சின்ன வேர் என்றால் மிச்ச மண் காயவே காயாது.

புதுச் செடி வரும்போது

நர்சரியிலிருந்து வந்ததும் நேராக ஹாலுக்குள் கொண்டுபோகாமல் மூன்று வாரம் பால்கனியில் நிழலில் வையுங்கள். ஒரு மஞ்சள் அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். அந்த மூன்று வாரத்துக்குள் உள்ளே இருக்கும் முட்டையெல்லாம் ஈயாகி அட்டையில் தெரிந்துவிடும். மிச்சமான மண் கலவையையும் மூட்டை வாயைத் திறந்து வைக்காமல் மூடி போட்ட வாளியில் உலர்வாக வையுங்கள். ஈரமாகத் திறந்து கிடக்கும் உர மூட்டையிலும் இந்த ஈ பெருகும்.

எங்கள் வீட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை, பாம் தொட்டியில் ஓர் அட்டை நிரந்தரமாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் எண்ணிச் சொல்லுவாள். ஒன்று, இரண்டு என்றால் விட்டுவிடுவோம். ஐந்தைத் தாண்டினால் அந்த வாரம் தண்ணீரைத் தள்ளிப்போட்டு, அன்றே பி.டி.ஐ. கலந்து ஊற்றத் தொடங்கிவிடுவேன்.